வேண்டாததை அடித்துவிடவும்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பிரஸ்ஸில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பெயரில் ஒரு 'கால்' விட்டுப்போயிருந்தது. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது மேஜைமேல் பொத்தென்று ஒரு பில் புத்தகம் வந்து விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால்... கச்சபேசன் அண்ணன்!

"இத நீயே வெச்சுக்கோ சம்பந்தம். இல்லாட்டி அடுப்புல போடு. என் கடையில இது இருக்கக் கூடாது."

கச்சபேசன் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலும் ஜரிகையும் விற்கிற கடை அவருடையது. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கிராம் எடைக்கல்லைக்கூட சத்தம் வராமல் தட்டில் வைக்கிற மனிதர் அவர். அப்படிப்பட்டவர் ஒரு புத்தகத்தை வீசுகிறார் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்க முடியாது.

அந்த பில் புத்தகத்தை அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரு அரிசி மில்காரர் போன மாதம் எனக்குக் கார்டு போட்டிருந்தார். 'வாரா வாரம் உங்கள் பத்தியைப் படிக்கிறேன், சிரிக்கிறேன், ஆனால் தொழில் செய்கிறவனுக்கு உபயோகமாக ஒரு வரியாவது எழுதக் கூடாதா?' என்று. ஐயா, இந்த வாரம் உங்களுக்காகவே எழுதுகிறேன். ஆனால் சிரிக்கும்படி எழுத முடியுமா என்பது சந்தேகம். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊரில் நெசவாளி முதலாளியிடம் பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்து வாங்கிக்கொண்டு போவான். நெய்து முடித்த புடவையை நிறுத்துக் கொடுப்பான். வாங்கினதும் கொடுத்ததும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பேச்சு வளரும். 'உன் தராசு சரியில்லை' என்பான் இவன். 'உன் கை சரியில்லை' என்பார் அவர். அப்போது இரண்டு பேருமே பொதுவாக ஒரு மூன்றாவது கடைக்குப் புடவையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே காட்டுகிற எடைதான் தீர்ப்பு. மறுபேச்சு கிடையாது. எங்கள் பக்கத்தில் அதற்கு 'மூணாந்தராசு' என்று பேர்.

சுற்றுவட்டத் தெருக்களுக்கெல்லாம் மூணாந்தராசு கச்சபேசன் அண்ணன் கடைத் தராசுதான். யாரும் அவரை நியமிக்கவில்லை. அதற்கு அவர் கூலி வாங்குவதும் இல்லை. ஊர் தானாகக் கொடுத்த பதவி.

சேரும் பலமும் தோலாவும் ஒழிந்து, கிலோவும் கிராமும் வந்து வருஷங்களாகிவிட்டன. வந்த புதிதில் எங்கள் வட்டாரத்தில் பழைய கற்களை முதலில் தூக்கிப் போட்டவர் யார்? இவர்தான். புது எடைக்கல் வாங்கினார். வருஷம் தவறாமல் முத்திரை போட்டுக்கொண்டு வந்தார். பழைய எடைக்குப் புது எடை எவ்வளவு என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். 'இன்னா மொதலியாரே, பள்ளிக்கூடமா நடத்துறீரு?' என்று தெருவே கேலி பண்ணியது.

கல் மாறியது. தட்டு மாறியது. ஜரிகைக்கு மட்டும் வாய்ப்பேச்சு மாறவில்லை. ஜரிகையை 'மார்க்' என்றுதான் கேட்பார்கள். ஒரு மார்க் என்றால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். சூரத்திலிருந்து வரும்போதே மார்க் கணக்குத்தான். சொந்தமாக நெய்கிற நெசவாளி வந்து 'ரெண்டு மார்க்' என்பான். அண்ணன் கிராமில் நிறுத்துக் கொடுப்பார். பில்லில் 'ஜரிகை — 2 மார்க்' என்று எழுதுவார்.

ஏனென்றால் பில்லில் நான் அப்படித்தான் கட்டம் போட்டு வைத்திருந்தேன்!

போன தடவை அச்சுக்குக் கொடுக்க வந்தபோது அவர் கேட்டார். "சம்பந்தம், இதுல கிராம்னு மாத்திடலாமாபா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மார்க்னாதாண்ணே ஜனங்களுக்குப் புரியும். இருக்கட்டுமே." ஜனங்கள்மேல் எனக்கு என்ன அவ்வளவு அக்கறை? ஒன்றுமில்லை. பழைய பில்லுக்கான ஈய எழுத்துகளை ஏற்கெனவே கோத்துக் கட்டி வைத்திருந்தேன். பிரித்து மறுபடி எழுத்துக் கோக்கச் சோம்பல். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த வாரம் பொய் எழுதக் கை வராது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு முற்பகலில் முத்திரை இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். தராசைப் பார்த்தார். சரி. கற்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் முத்திரை. "எல்லாரும் உங்கள மாதிரி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லீங்க" என்று பாராட்டக்கூடச் செய்தார். எழுந்துவிட்டார். கடை விலாசம் குறித்துக்கொள்ள அண்ணனிடம் ஒரு பில்லைக் கேட்டார்.

கொடுத்தார். அங்கேதான் சனி பிடித்தது.

"இது இன்னாங்க மார்க்? பரீட்சை மார்க்கா?"

"ஜரிகைக்கு அப்டித்தாங்க சொல்றது. நிறுக்கிறதெல்லாம் கிராம்லதான். இப்பக்கூடப் பாத்தீங்களே."

"நிறுத்தது கிராம். எழுதினது மார்க். சட்டத்துல இல்லாத அளவ பில்லுல எழுதறதே குத்தங்க."

"வாயால சொல்ற வார்த்தைய எழுதினா குத்தமா?"

"பில்லுல எழுதக் கூடாது. பேர்ப்பலகையில போடக் கூடாது. நோட்டீஸ்ல அச்சடிக்கக் கூடாது. தெரியாதா உங்களுக்கு?"

"யாரும் வந்து சொல்லலீங்களே."

"கெஜட்ல வந்துக்கீதே!"

கெஜட்! கேட்டீர்களா? நான் அச்சுத் தொழில் செய்கிறவன். காகிதத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லிக்கொள்வேன். நானே கெஜட்டைக் கண்ணால் கண்டதில்லை. பட்டு நூலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற மனிதர் எங்கே போய்ப் பார்ப்பார்? சினிமாவுக்கு ஊர் முழுக்க வண்டி கட்டி நோட்டீஸ் விடுகிறார்கள். பொருட்காட்சிக்குத் தமுக்கு அடிக்கிறார்கள். ஒரு கடைக்காரனைக் குற்றவாளி ஆக்குகிற சட்டத்துக்கு ஒரு தமுக்கு அடிக்க ஆளில்லையா?

இன்ஸ்பெக்டர் போனதும் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு இன்னும் அவருக்குச் சிரிப்பு இருந்தது.

"கெஜம்னு எழுதினா குத்தமாம். கெஜட்னு மட்டும் சொல்லலாமாபா?"

இன்ஸ்பெக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, கோர்ட்டில் கேஸ். இல்லை, ஆபீசுக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, ராஜியாக முடித்துக்கொள்வது. அண்ணனுக்கு கோர்ட்டுக்கே போகலாம் என்று எண்ணம். "நான் தப்பா நிறுக்கலியே சம்பந்தம். ஜட்ஜு முன்னால தராசக் கொண்டுபோய் வெச்சுக் காட்டிடறேன்" என்றார்.

நான் விட்டேனா? "கோர்ட்டுக்குப் போனா நாலு வாய்தா, ஒரு வக்கீல், கடைக்குப் பூட்டு. பேசாம ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வாங்கண்ணே" என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பத்தி எழுதுகிறவன் அல்லவா... எனக்குத் தெரியாத விஷயம் உண்டா!

ஆபீசில் கிளார்க் ஒரு மஞ்சள் காகிதத்தை நகர்த்தினார். எல்லாம் இங்கிலீஷ். அடியில் பென்சிலால் இரண்டு இடத்தில் பெருக்கல் குறி போட்டு, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்றார். அண்ணனிடம் பேனா இல்லை. நான் என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. வெளியே வந்து ஆளுக்கு ஒரு காபி குடித்தோம். 'பார்த்தீங்களா, எவ்வளவு சுலபம்!' என்று நான் பெருமையடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அண்ணன் ஏன் புத்தகத்தை வீசினார்?

முதல் நாள் திங்கட்கிழமை. வரதன் என்று ஒரு நெசவாளி. புடவையை நெய்து முதலாளியிடம் கொண்டுபோயிருக்கிறான். எடை குறைகிறது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். வரதன் வழக்கப்படி, "மூணாந்தராசுக்குப் போவலாம் வாங்க" என்றிருக்கிறான்.

முதலாளி பத்துப் பேர் நடுவில் சொன்னாராம். "யாரு, கச்சபேசன் தராசா? அது கேஸ் பட்ட தராசுபா. கொறச்சு நிறுத்தேன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கிறாரு. முத்திரை ஆபீஸ் போர்டுல ஒட்டியிருக்குது, போய்ப் பாரு."

வரதன் போய்ப் பார்த்தானாம். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பெயரும் கடை விலாசமும் இருப்பதைப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். குற்றம் என்ன என்பதையும் சொன்னார்கள். பாவம், அவன் முதலாளி தராசிலேயே நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அண்ணனிடம் வந்து சொல்லியிருக்கிறான்.

"இதுல இன்னா எழுதிக்கிதுன்னு படி" என்று அண்ணன் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அந்த மஞ்சள் காகிதத்திலேயே முத்திரை குத்தித் தபாலில் வந்த ஆர்டர். வந்து ஒரு மாதமாகிறது. ராஜி ஆனதற்கு ரசீது என்று நினைத்துப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார்.

படித்தேன். மூன்று குற்றங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒன்று, முத்திரை இல்லாத எடைக்கல் வைத்திருந்தது. இரண்டு, எடை குறைத்து விற்றது. மூன்று, சட்டத்தில் இல்லாத அளவைப் பில்லில் எழுதியது. மூன்றையும் ஒப்புக்கொண்டு அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரூஃப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். காகிதத்தின் அடியோரத்தில், ஆறு பாயிண்ட் எழுத்தில், எறும்பு ஊர்கிற அளவில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது.

'வேண்டாததை அடித்துவிடவும்.'

அடிக்கவில்லை. கிளார்க் அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அடிக்கவில்லை. அண்ணனுக்கு அடிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற மகா மேதையான நான், பேனாவைக் கொடுத்தேனே தவிர அடிக்கவில்லை. படிக்கக்கூட இல்லை.

"ரெண்டாவது இன்னா சொன்ன?" என்றார் அண்ணன்.

"எடை... எடை குறைச்சு வித்ததுண்ணே."

உள்ளே டிரெடில் அச்சு மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.

"நானா, சம்பந்தம்?"

அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

மூன்று குற்றத்துக்கு மூன்று தனித்தனிப் படிவம் அச்சடித்தால் என்ன? நான் பிரஸ்காரன், எனக்குத் தெரியும். காகிதம் மிச்சம்! ஒரே பிளாக், ஒரே ஓட்டம். அரை ரீம் காகிதத்தை மிச்சப்படுத்த ஒரு மனிதனின் பேரைச் செலவழித்துவிட்டார்கள். இதைக் கேட்க இந்த நாட்டில் நாதி இல்லையா?

புதன்கிழமை இரண்டு பேரும் ஆபீசுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் எங்களை மறக்கவில்லை. நான் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"எடை சரியா இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பாராட்டினீங்களே, நான் சாட்சி. அப்புறம் எப்படி சார் எடை குறைச்சாருன்னு வரும்?"

"கையெழுத்து அவருதுதானே? படிச்சுட்டுத்தானே போட்டிருப்பாரு?"

"இங்கிலீஷ்ல இருக்குதே சார்."

"தமிழ்ல வேணும்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா இருக்குதா?"

"இன்னும் அச்சாகி வரலீங்க."

எனக்குத் தலை சுற்றியது. எங்கே பார்த்தாலும் தமிழ் ஆட்சிமொழி என்கிறார்கள். மேடையில் ஆள்கிறது, மாநாட்டில் ஆள்கிறது. கச்சபேசன் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் மட்டும் ஆளக் காணோம்!

இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். "ஆர்டர் போட்டாச்சு. இனி நான் ஒண்ணும் திருத்த முடியாது. மேலதிகாரிக்கு மனுப் போடுங்க. அவரு இன்னிக்கு ஊர்லதான் இருக்காரு. இப்டியே நேரா ரெண்டு பர்லாங் போனீங்கன்னா டிராவலர்ஸ் பங்களா."

அதுவரை வாயே திறக்காத அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"எத்தினி மீட்டருங்க சார்?"

கிண்டல் இல்லை. அவர் குரலில் துளிக்கூடக் கிண்டல் இல்லை. அதனால்தான் அது அப்படிப் போய்ச் சுருக்கென்று தைத்தது. மூலையில் இருந்த கிளார்க் இருமுவது மாதிரி சிரிப்பை அடக்கினார். இன்ஸ்பெக்டருக்கு முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க மொதலியாரே" என்றார்.

ரிஜிஸ்டரை எடுத்தார். சிவப்பு மையில் முதல் இரண்டு வரியையும் அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். 'எடையில் குறைவு ஏதும் காணப்படவில்லை' என்று தமிழில் எழுதி, முத்திரை குத்தி, ஒரு நகலைக் கையில் கொடுத்தார். தானே எழுந்துபோய் போர்டிலிருந்த காகிதத்தையும் எடுத்துக் கிழித்துப் போட்டார்.

கெட்ட மனிதர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கோபம் தீரவில்லை. இன்னும் ஏறியது. 'ஒன்றும் திருத்த முடியாது' என்ற காரியம் முடிய மூன்று நிமிஷம்கூடப் பிடிக்கவில்லையே! இதை முதல் நாளே, அந்த மஞ்சள் காகிதத்தில் செய்ய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு கோடு. அவ்வளவுதானே? போர்டில் இருந்ததைக் கிழித்துவிட்டார். அதைப் படித்தவர்கள் வாயிலிருந்து யார் கிழிப்பது?

திரும்பி வரும்போது நான், "அண்ணே, இந்தக் காகிதத்துக்கு நல்லதா ஒரு சட்டம் போட்டு கடையில மாட்டிடலாம். வர்றவன் போறவனெல்லாம் பாக்கட்டும்" என்றேன்.

"சட்டமா?" என்றார். "போட்ட சட்டமே போதும்பா."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே சொன்னார். "செவுத்துல மாட்டினா, இங்க இன்னாவோ நடந்துக்குதுன்னுதானே அர்த்தம்? இத்தினி வருஷமா என் தராசுக்கு சர்ட்டிபிகேட் வேண்டியிருந்துச்சா, சொல்லு."



வியாழக்கிழமை புது பில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிராம் என்று பளிச்சென்று கட்டம் போட்டது. 'மார்க்' என்ற எழுத்துகளைப் பிரித்து, அதனதன் அறையில் போட்டாயிற்று. பிரித்து முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிஷச் சோம்பல்தான் இத்தனைக்கும் ஆரம்பம்.

நான் போனபோது கடையில் வரதன் இருந்தான். அடுத்த புடவையை முதலாளியிடம் கொண்டுபோகும் முன்னால், தன் திருப்திக்காக நிறுத்துக்கொண்டிருந்தான். முதலாளி வரவில்லை. காகிதம் வந்த விஷயம் அவருக்கும் தெரியும். ஆனாலும் வரவில்லை. இப்போது அவர் வேறொரு கடையை மூணாந்தராசு என்கிறார். அது யார் கடை? அவருடைய மச்சானுடையது! வரதனுக்கு இனி எங்கே போய் நியாயம் கேட்பது என்று தெரியவில்லை. அண்ணனுக்கு அதுதான் துக்கம். தன் பேர் போனதைவிட அதைத்தான் அதிகம் சொல்கிறார்.

எனக்கு ஒன்று ஆச்சரியமாக இருக்கிறது. எங்கள் ஊர்க்காரன் ஜரிகை வாங்கினால் உரசிப் பார்ப்பான். பட்டு என்றால் ஒரு இழையைப் பிடுங்கிக் கொளுத்தி மோந்து பார்ப்பான். சாயத்தை ஈரத் துணியில் தேய்த்துப் பார்ப்பான். கடவுளே எதிரில் வந்து விற்றாலும் சோதிக்காமல் வாங்க மாட்டான். சர்க்கார் காகிதம் என்றால் மட்டும் பெருக்கல் குறி எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கையெழுத்தைப் போட்டுவிடுகிறான்! இது என்ன மரியாதை? யாருக்கு மரியாதை?

அரிசி மில்காரர் ஐயா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். சட்டம் மாறுகிறபோது உங்களைக் கேட்டுக்கொண்டு மாறாது. உங்கள் பில்லை எடுங்கள். மூட்டை, மரக்கால், படி என்று ஏதாவது அச்சாகியிருக்கிறதா பாருங்கள். பேர்ப்பலகையைப் பாருங்கள். பழைய வார்த்தை வாயில் இருக்கட்டும், காகிதத்தில் வேண்டாம். அச்சடிக்கிறவன் 'இருக்கட்டுமே' என்று சொன்னால் நம்பாதீர்கள்... அவனுக்குச் சோம்பலாக இருக்கும். ஆபீசில் படிவம் நீட்டினால் உட்கார்ந்து படியுங்கள். புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன் என்று சொல்லுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும். என்ன குற்றத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்பது குற்றமில்லையே?

படிவம் எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறவர்கள் வழியில் என் பிரஸ்ஸுக்கு வாருங்கள். பூதக்கண்ணாடி இருக்கிறது. பேனாவும் இரவல் தருகிறேன்... ஆனால் அடிப்பதற்கு மட்டும்தான், கையெழுத்துக்குத் தர மாட்டேன்.